வேலிக்கு வெளியே போன வீடு

தையல்காரியின் வீட்டைச் சுற்றிக் கடைசிப் பலகையை அடித்து முடித்த மத்தியானம், அந்த வீடு வேலிக்கு வெளியே போய்விட்டது. ஊர் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. சுவரில் கீறல் விழவில்லை, கூரையில் ஓர் ஓடுகூட அசையவில்லை. வேலி போட்டவர் ஆணிப் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து தெருவில் கால் வைத்தபோது, வெளியிலிருந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. காற்று நின்றது, வெயில் தணிந்தது, தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனார். இதென்ன புதுப் பழக்கம் என்று தன்னையே கடிந்துகொண்டார். பசிமயக்கம் என்று முடிவு கட்டிச் சாப்பிடப் போய்விட்டார். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் எத்தனையோ வருடத்துத் தலைவலி மிச்சமாகியிருக்கும். அவர் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அவர் ஏனோதானோ ஆள் இல்லை. நூலைக் கட்டாமல் ஒரு குச்சியைக்கூட நட மாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு நூல்பிடி என்று பெயர். அந்தத் தெருவின் மண் பொல்லாத களிமண். மழை பெய்தால் உப்பி மேலே வரும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் சும்மா குழி தோண்டிக் கம்பம் நட்டவர்களுடைய வேலிகளெல்லாம் மறு வருடமே குடிகாரர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. கேட்டுகள் தரையில் இடித்துக்கொண்டு பாதியில் நின்றன. நூல்பிடி மட்டும் மண் அசைகிற ஆழத்தையும் தாண்டித் தோண்டுவார், குழியின் அடியை அகலப்படுத்துவார், சுற்றிலும் ஜல்லி கொட்டுவார். அவர் நட்ட கம்பத்தை மண் ஒன்றும் செய்ய முடியாது. நகர அலுவலகத்தின் விதிகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேலி நெஞ்சளவுக்கு மேல் போகக் கூடாது, கேட் உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட அலுவலகம் கண்டிப்பாகப் பார்ப்பது ஒன்று உண்டு. பலகை வேலிக்கு இரண்டு முகம். ஒன்று வழவழப்பாக, பார்க்க லட்சணமாக இருக்கும். மறுபக்கத்தில் கம்பம், குறுக்குச்சட்டம், துருத்திக்கொண்டிருக்கும் ஆணிமுனை எல்லாம் தெரியும். நல்ல முகத்தை வெளியே போகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், சட்டமும் ஆணியும் உள்ளே இருக்கிறவர்களுக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நூல்பிடி வாழ்நாள் முழுவதும் தெருவில் நின்றுகொண்டுதான் பலகை அடித்திருக்கிறார். நல்ல முகம் தன்னைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அவருடைய தலைக்குத் தெரிந்ததைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். தையல்காரி வீட்டு வேலை வந்த வாரம் பார்த்து, குழாய் பதிக்கிறோம் என்று அலுவலகத்து ஆட்கள் வந்து மனையை ஒட்டித் தெருவை ஆளுயரத்துக்குத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தார்கள், மற்றபடி தெருவில் நிற்க இடமில்லை. மனைக்குள் நின்றுகொண்டு அடித்தார். கை, பழக்கப்படி, நல்ல முகத்தைத் தன் பக்கம் திருப்பி அடித்தது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், நூல் பிடித்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. கேட்டையும் அதே கணக்கில் செய்து, தரையில் படுக்க வைத்தே தாழ்ப்பாளைப் பொருத்தி மாட்டிவிட்டதால், அது தெருப்பக்கமாகத் திறந்தது. தாழ்ப்பாளும் தெருப்பக்கம் போயிற்று.

தையல்காரிக்கு இந்த வேலி எவ்வளவு முக்கியம் என்று சொல்லாவிட்டால் அவளுக்கு நேர்ந்த கொடுமை புரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவளும் அவள் புருஷனும் ஒரு வீட்டின் நடு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் பஸ் ஓட்டுகிறவர், விடிந்தால் போய் இருட்டினால் வருகிறவர். வீட்டுக்காரக் குடும்பம் முன்னறையில். குளியலறை பின்னால். குடும்பம் மொத்தமும் ஒருநாளைக்கு எத்தனை தடவை குளியலறைக்குப் போகுமோ அத்தனை தடவையும் அவளுடைய அறை வழியாகத்தான் போயிற்று. அவள் சாப்பிடும்போது இலையைத் தாண்டிப் போனார்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோது காலைத் தாண்டிப் போனார்கள். அப்பா செத்த செய்தி வந்து சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது, வீட்டுக்காரரின் மச்சான் துண்டும் சோப்புமாக, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார். யாரும் கதவைத் தட்டியதில்லை, "வரலாமா" என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, அது அவர்களுடைய நடைபாதை. வழியை மறிக்காமல் முட்டியை ஒடுக்கிக்கொண்டே மெஷின் மிதித்து மிதித்து அவளுக்கு நிமிர்ந்து உட்காரவே மறந்துபோயிற்று. அவள் நகை கேட்கவில்லை, மாடி கேட்கவில்லை. யாராவது ஒருவர் தன் கேட்டுக்கு முன்னால் நின்று வரலாமா என்று கேட்க வேண்டும், தான் வாங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொந்த வீடு எழும்பியதும் புருஷன் வேலியை அப்புறம் பார்க்கலாம் என்றார். வேலி போடாமல் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

குடிவந்த மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒருவர் அலமாரியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

"நான் மூணாவது தெரும்மா. வீட்ல புகை பிடிச்சா திட்டுறாங்க. அதான் கொஞ்சம் வெளியே வந்தேன்."

அவர் திருடரும் இல்லை, பைத்தியமும் இல்லை. வெளியே வந்திருந்தார், அவ்வளவுதான். ஊர் முழுவதும் உள்ளே ஆகிவிட்டதால், வெளியே என்று சொல்ல அந்த ஊரில் மிச்சம் இருந்த இடம் அந்த ஒரு வீடுதான். வீட்டில் "இதோ வெளியே போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் எல்லாரும் தையல்காரியின் கூடத்தில் வந்து நின்றார்கள். கணக்குப் போடாததற்கு வாத்தியார் வெளியே நிறுத்திய பிள்ளைகள் அவளுடைய பீரோ ஓரமாக வரிசையாக முழங்கால் போட்டார்கள். போன் பேச ஆபீஸைவிட்டு வெளியே வந்தவர்கள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பேசினார்கள். மதுக்கடைக்காரர் பிடித்துத் தள்ளியவர்கள் அவள் கட்டிலுக்குக் கீழே விழுந்தார்கள். குப்பையை வெளியே கொட்டியவர்கள் எங்கே கொட்டினார்கள் என்று சொல்லவே வேண்டாம். அவள் வாசல் கதவைப் பூட்டினாள். பூட்டு ஒழுங்காகத்தான் பூட்டியது. ஆனால் வெட்டவெளியில் நிற்கிற கதவைச் சுற்றிக்கொண்டு போவதற்கு யாருக்கு என்ன கஷ்டம்? அவர்களும் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. மழை ஊரில் ஒரு பொட்டு விழவில்லை. வீட்டுக்குள்ளே மழை எப்படிப் பெய்யும்? பெய்ததெல்லாம் தையல்காரி வீட்டின் கூடத்திலும் அடுப்படியிலும் பெய்தது. கூரைமேல் ஓடு காய்ந்து கிடந்தது, ஓட்டுக்குக் கீழே கொட்டியது. மெஷினுக்கு மேல் ஒரு பெரிய குடையைக் கட்டிக்கொண்டு, கால் நனைய நனைய அவள் தைத்தாள். ஈரத்தில் நூல் இற்றுப்போயிற்று, ஊசி துருப்பிடித்தது, வாடிக்கைக்காரர்களின் துணியெல்லாம் பூசணம் பூத்தது. புருஷன் டிப்போவில் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். செடி வைத்திருந்த ஊர்க்காரர்கள் காலையில் வாளியோடு வந்து அவள் சமையல் மேடையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள்.

ஊருக்கோ இது கொண்டாட்டமாகப் போயிற்று என்பதுதான் எரிச்சலிலும் எரிச்சல். தெருவில் நடக்கிறவர்களுக்கு அவரவர் கூடத்தில் நடக்கிற நிம்மதி வந்துவிட்டது. கடைத்தெருவில் நின்று தலை வாரிக்கொண்டார்கள். நாற்சந்தியில் ஒருவர் கட்டிலைப் போட்டுப் பகல்தூக்கம் போட்டார், லாரிகள் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போயின. கடைக்காரர்கள் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். சொந்த வீட்டில் திருடத் திருடர்களுக்கே கூச்சமாக இருந்தது. பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போட்டவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி போட்டு, இறங்குவதற்குள் மறந்தார்கள். தெருவுக்கு வருகிறவர்கள் செருப்பையெல்லாம் கழற்றி, வெளியே விட வேண்டும் அல்லவா, தையல்காரியின் வராந்தாவில் கொண்டுவந்து குவித்தார்கள். இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருட்டத் தொடங்கியதும் தெருவிலிருந்து யாராவது ஒரு பொறுப்பான மனிதர் வந்து, வெளியிலிருந்து கண்டதும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவார். தன் கேட்டை யாரோ தன் மூஞ்சிக்கு நேராகத் தாழ் போடுகிற அந்தச் சத்தத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

முதல் மழை நின்றதும் நூல்பிடியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, தன் எதிரே மழைக்குக் கழுவிவிட்டது போல் பளபளத்த பலகைகளைப் பார்த்தார். நல்ல முகம் வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நூல்பிடி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. மொத்தத்தையும் பிடுங்கித் திருப்பி நட்டுத் தரேன். ஒரு வாரம் குடுங்க."

ஒரு வாரம் என்றவரால் ஒரு கம்பத்தைக்கூட அசைக்க முடியவில்லை. மழையெல்லாம் அந்த மனையில் மட்டுமே பெய்ததால் மண் குடித்துக் குடித்து உப்பி, அகல அடி வைத்த கம்பங்களைக் கடைவாய்ப் பல்லைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தது. கடப்பாரை வளைந்தது. தன் வேலை இவ்வளவு பலமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது, அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. சரி, கம்பம் இருக்கட்டும், பலகையை மட்டும் கழற்றி மறுபக்கம் அடிக்கலாம் என்று தெருவோரத்துப் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார். பாதி கழற்றியதும் ஊரில் உள்ளும் இல்லை, வெளியும் இல்லை என்று ஆகிவிட்டது. சவரக்கடைக்காரர், ஒருவருடைய பாதித் தாடியோடு கத்தியை நிறுத்திவிட்டு, இவர் கடைக்கு வந்தவரா, கடையைவிட்டுக் கிளம்புகிறவரா என்று யோசித்தார். ஓர் அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டப் போகிறோமா திறக்கப் போகிறோமா என்று தெரியாமல் சொந்த வாசலில் திகைத்து நின்றாள். தையல்காரியின் புருஷன், பஸ் போகிறதா திரும்புகிறதா என்று புரியாமல் மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஏறியவர்களுக்கும் எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாததால் யாரும் கேட்கவில்லை. கடைசியில் நாற்சந்தியில் தூங்கிக்கொண்டிருந்தவர்தான் எழுந்து, ஏதோ கெட்டுப்போச்சு என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே தெரு வந்தது. நூல்பிடியின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி, கழற்றிய பலகைகளை இருந்தபடியே அடித்தார்கள். அவரைவிட மோசமாக அடித்தாலும் ஆணிக்குக் குறை வைக்கவில்லை. அதற்கப்புறம் பலகையில் கைவைக்க ஊர் யாரையும் விடவில்லை.

அவள் அலுவலகத்துக்குப் போனாள். போனாள் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம்; போனது வருடக்கணக்கில். இன்றைக்கு ஆய்வாளர் லீவு, நாளைக்கு ஆய்வாளர் மீட்டிங், அடுத்த வாரம் ஆய்வாளரே மாறிவிட்டார். ஒருவழியாகப் புது ஆய்வாளர் டேப்பும் கையுமாக வந்து இறங்கினார். தெருவில் நின்று பார்த்தார், கூடத்தில் வந்து நின்று பார்த்தார், குடையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். உயரம் நெஞ்சளவு, சரி. நல்ல முகம் வெளிப்பக்கத்தைப் பார்த்து இருக்கிறது, சரி. கேட் உள்பக்கமாகத் திறக்கிறது, சரி. தாழ்ப்பாள் உள்பக்கம், சரி.

"இவ்வளவு சுத்தமா விதிப்படி ஒரு வேலிய நான் பார்த்ததே இல்லம்மா."

"சார், என் வீடு வெளியே இருக்கு சார்."

"அது தெரியுது. ஆனா புகாரை வேலிக்கு உள்ளே குடியிருக்கிறவங்கதான் குடுக்கணும். நீங்க வெளி ஆளு."

"வேலியே என்னுது சார்."

"உங்களுதுதான், யாரு இல்லைன்னா?"

தாழ்ப்பாளையாவது தன் பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று கேட்டாள். வெளியே இருப்பவர் கையில் தாழ்ப்பாளைக் கொடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தலாம் என்றால் எதைச் சொல்லிக் கத்துவது? விதிகளை முழுக்கக் கடைப்பிடித்ததற்கு ஊரில் முதல் சான்றிதழ் அவள் வேலிக்குத்தான் கிடைத்தது. அதைச் சுவரில் மாட்டச் சொன்னார்கள். மாட்டினாள், மழையில் எழுத்து கரைந்தது.

புருஷனுடைய தங்கை அடுத்த தெருவில் இருந்தாள். அவளுக்கு ஊர் உள்ளே இருப்பது மிகவும் பிடித்திருந்தது. கொடியில் காயப்போட்ட துணி நனைகிற பேச்சே இல்லை. இருந்தாலும் அண்ணி படுகிற பாட்டைப் பார்த்து மனசு கேட்காமல், "ஏன் அண்ணி அங்க கிடந்து கஷ்டப்படறீங்க? பேசாம உள்ளே வந்து எங்ககூட இருந்துடுங்க" என்றாள். தையல்காரி ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு போனாள். எத்தனையோ நாளைக்கப்புறம் காய்ந்த பாயில் படுத்தாள். கண் அசந்த நேரத்தில் நாத்தனாரின் புருஷன் அவள் காலைத் தாண்டிக் குளியலறைக்குப் போனார். அவர் மேல் குற்றம் இல்லை, வழி அதுதான். விடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு மழைக்கே திரும்பி வந்துவிட்டாள்.

புருஷன் தாக்குப்பிடிக்கவில்லை. நாளெல்லாம் ஊருக்குள் சொகுசாக பஸ் ஓட்டிவிட்டு, இருட்டினதும் வெளியே வந்து ஈரத்தில் படுப்பதற்கு அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதலில் இருமலைச் சாக்காகச் சொல்லி டிப்போவில் படுத்தார், அப்புறம் சாக்கு எதுவும் சொல்லாமலே படுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து நலம் விசாரித்தார். வந்தவர் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். அவரும் மற்றவர்களைப் போலத்தான் வந்து போகிறார் என்று அவளுக்கு ஒருநாள் தோன்றியது. தோன்றியதைச் சொன்னாள். சண்டை முற்றியது. கூடத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் போனை அணைத்துவிட்டு, தெருச்சண்டையை வேடிக்கை பார்க்கிற மாதிரி வசதியாக நகர்ந்து நின்று பார்த்தார்கள், நடந்தது தெருச்சண்டைதான். அவர் கோபித்துக்கொண்டு போனதும், அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வெளியே போங்க. எல்லாரும் வெளியே போங்க."

ஒருவரும் அசையவில்லை. பீடிக்காரர் மட்டும், அவர் தினமும் வருகிறவர் என்ற உரிமையில், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இதுக்கு மேல எங்கம்மா வெளியே போறது?"

அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். வெளியே ஒருத்தி உட்கார்ந்து அழுதால் வழியில் போகிறவர்கள் என்ன செய்வார்களோ அதை அவர்கள் செய்தார்கள். வட்டமாகச் சுற்றி நின்றார்கள். யாரோ அவளுடைய சொம்பிலேயே தண்ணீர் மொண்டு நீட்டினார்கள். "யாரு பெத்த பொண்ணோ பாவம்" என்று ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினாள். தன் வீட்டுக் கூடத்தில் தான் ஓர் அனாதை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது. அதைப் போன்ற அவமானம் நடு அறையில் இருந்த காலத்தில்கூட அவள் பட்டதில்லை.

அழுது முடித்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அவசரத் தையல் ஒன்று பாக்கி. யாரோ ஒருத்தியின் கோட்டு. வேறு எங்கோ தைத்தபோது துணியை நல்ல பக்கம் உள்ளே, கெட்ட பக்கம் வெளியே என்று மாற்றித் தைத்துவிட்டார்கள், பிரித்துத் தைத்தால் துணி கிழிந்துவிடும் என்று இவளிடம் கொடுத்திருந்தாள். இப்படி வருகிற துணியைத் தையல்காரி பிரிக்கவே மாட்டாள். அதன்போக்கில் விட்டுவிட்டு, வெளிப்பக்கம் இன்னொரு துணி கொடுத்துத் தைப்பாள். அந்தத் துணிக்கும் ஒரு நல்ல பக்கம், ஒரு கெட்ட பக்கம் உண்டு; கெட்டதைக் கெட்டதோடு சேர்த்துவிடுவாள். இரண்டு கெட்ட பக்கமும் எங்கே போயிற்று என்று போட்டுக்கொள்கிறவளுக்குத் தெரியாது. அந்த மேல்துணியை அளந்துகொண்டிருந்தவள், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தாள். இத்தனை வருடமும் இதைப் பிடுங்கு, இதைத் திருப்பு, இதை மாற்று என்று ஊரோடு மல்லுக்கு நின்றதை நினைத்துத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

நூல்பிடி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வேலிக்கே ஊர் இந்தப் பாடு, இன்னொன்று வேறா என்றார். ஒரு வேலிக்கும் இன்னொரு வேலிக்கும் நடுவே மூன்றடி விட வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். மூன்றடி விடுங்கள் என்றாள். ஆய்வாளர் மறுபடி வந்து, விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி போடுவதற்கு ஏழெட்டுத் தடைகள் இருந்தன. வேலிக்கு வெளியே, அதாவது அவள் வீட்டுப் பக்கம், போடுவதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவர் எதிலாவது பிடி கிடைக்குமா என்று சாயங்காலம் வரை தேடிவிட்டு, எரிச்சலோடு புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் அந்த எரிச்சலைப் பார்த்தது தையல்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மண் வெடித்துக் கிடக்கிற கோடையில் வேலையைத் தொடங்கினார்கள். நூல்பிடி முன்னைப்போலவே ஆழத் தோண்டி, அடியை அகலப்படுத்தி, ஜல்லி கொட்டினார். ஆனால் பலகை அடிக்கும்போது தன் கையை அவர் நம்பவில்லை. பழைய வேலிக்கும் புது வேலிக்கும் நடுவில் இருந்த மூன்றடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடவை கேட்டார்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க?"

"வீட்டுப் பக்கம்ணே."

"நான்?"

"நீங்க அந்தப் பக்கம்."

"நல்ல முகம்?"

"உங்க பக்கம்ணே. எனக்கு ஆணி போதும், அடிங்க."

கடைசிப் பலகைக்கு முன்னால், கூடத்திலும் அடுப்படியிலும் நின்றவர்களை அவள் ஒருவர் விடாமல் புதுக் கேட்டுக்கு அப்பால் அனுப்பினாள். அவர்கள் மறுக்கவில்லை, வெளியே நிற்பதற்கு இங்கே நின்றால் என்ன, அங்கே நின்றால் என்ன. பலகை அடித்ததும் வீட்டுக்குள் காற்று நின்றது. பறந்துகொண்டே இருந்த திரைச்சீலை நேராகத் தொங்கியது. சத்தமெல்லாம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. அவள் அறை அறையாகப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். அப்புறம் மெஷினுக்கு மேல் கட்டியிருந்த குடையை அவிழ்த்து மடக்கினாள். ஜன்னலில் இப்போது கம்பமும் சட்டமும் ஆணிமுனையும் தெரிந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

வெளி என்று அந்த ஊருக்கு இருப்பது அன்றிலிருந்து அந்த மூன்றடிதான். வீட்டைச் சுற்றி ஒரு சந்து போல ஓடுகிறது. காற்று வாங்க வருகிறவர்களும், போன் பேசுகிறவர்களும், வகுப்பைவிட்டு அனுப்பப்பட்டவர்களும், கோபித்துக்கொண்டு வந்தவர்களும் அதில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள்; ஒருவர் திரும்ப வேண்டும் என்றால் எல்லாரும் திரும்ப வேண்டியிருக்கிறது. மழையும் அதில்தான் பெய்கிறது. இடம் போதாததால் உயரமாகப் பெய்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், அது சரிபார்க்கப்படவில்லை. அலுவலகம் அங்கே ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. வெயில் காலத்தில் விசிறிகூட வைப்பதாகப் பேச்சு, ஆனால் இன்னும் வைக்கவில்லை.

புருஷனுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது கடைசி நடையின்போது. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். பழைய கேட்டைத் திறந்துகொண்டு சந்தில் இறங்கினார். அதற்குள் அங்கே நல்ல மழை பிடித்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு புதுக் கேட்டுக்கு வந்து தள்ளினார். திறக்கவில்லை. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தது.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான். யாருன்னு கேக்கற?"

"நீங்கதான்னு தெரியும்."

"தெரிஞ்சா திற. நனையறேன்ல."

அவள் கேட் வரைக்கும் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்ததும் தெரிந்தது. ஆனால் கை அதற்கு மேல் நகரவில்லை. சந்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை அவர் தலையிலிருந்து வழிந்து, காக்கிச் சட்டைக்குள் இறங்கி, பேண்ட் கால் வழியாக ஓடியது. என்ன வேண்டும் இவளுக்கு என்று முதலில் கோபம் வந்தது. இத்தனை வருடமாகத் தான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா என்று யோசிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அவள் அவசரப்படுத்தாமல் அந்தப் பக்கம் நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரலாமா?"

"வாங்க" என்றாள், தாழ்ப்பாளை விலக்கினாள். அவர் சட்டை நுனியைப் பிழிந்துவிட்டு, செருப்பையும் மழையையும் அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே வந்தார்.